பிடிக்காத மரை

ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் என் காரின் எஞ்சின் பிளாக்கில், மரை அழிந்துபோன போல்ட் ஓட்டைக்குப் புது மரை வெட்டினார். சூடேறிய எண்ணெய் வாடை எழுந்ததும் நான் பத்து வயதில், நகரியில் இருந்தேன்.

நைனாவின் டாக்சியிலும் இப்படித்தான் போல்ட் மரை அழிந்திருந்தது. சித்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கைவிரித்துவிட, அங்கே கிடந்த அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வேற வண்டி வெச்சிக்கினு போலாம் நைனா" என்றேன்.

"நம்ம வண்டியிலதாம்மா அவ வரணும். நாளைக்கு ரெடியாயிடும்."

மூன்று நாள் எஞ்சின்மேல் குனிந்தே கிடந்தார். முறுக்கும்போதெல்லாம் போல்ட் இறுகாமல் சுற்றியது. மூன்றாம் நாள் அம்மா ஆம்புலன்சில் பிணமாக வந்தாள். நைனா ஸ்பேனரைக் கீழே வைக்காமலே எழுந்து நின்றார்.

மெக்கானிக் ஓட்டைக்குள் கம்பிச்சுருள் ஒன்றைத் திருகி, போல்ட்டை இறுக்கினார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"புட்ச்சிக்கிச்சும்மா, இனி கழலாது" என்றார்.

அவர் கீழே வைத்த ஸ்பேனரை நான் எடுத்துப் பிடித்துக்கொண்டேன்.