சிவப்பு ஒயரில் ஒரு முடிச்சு

எண்பதுகளில் புதூர்நாடு மலையூரில் டிராக்டர் ஓட்டிய சக்கரவர்த்தி, மனைவி பாஞ்சாலையிடம் ஒன்றை மட்டும் மறைத்து வைத்திருந்தான்.

புளி மூட்டையோடு மலையிறங்க வேண்டிய அன்று டிரெய்லர் விளக்கின் பிளக் உடைந்துவிட்டது. வீட்டு வாசலிலேயே புதுப் பிளக்கை மாட்டி, பிரேக்கை மிதித்தான்.

பின்னால் நின்ற பாஞ்சாலை, "இன்னாங்க, பிரேக்கு லைட்டு எரியல, சைடு லைட்டு எரியுது" என்றாள்.

கழற்றி மாட்டினான். மறுபடியும் அப்படியே எரிந்தது. அவள் கிட்டே வந்து பார்த்தாள்.

"பழைய பிளக்குல செவப்பு ஒயரு இருந்த எடத்துல பச்சைய மாட்டி வெச்சிருக்கீங்களே!"

அவன் தலைகுனிந்தான். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும் பாஞ்சால. சொன்னா சிரிப்பியோன்னு சொல்லல."

அவள் சிரிக்கவில்லை. "அப்போ கல்யாணத்துல நான் கட்டுன பொடவை இன்னா கலர்னு தெரியாதா?" என்று கேட்டாள்.

"தெரியாது. நீ அழகா இருந்தே, அது தெரியும்."

பாஞ்சாலை உள்ளே போய் நூல்கண்டை எடுத்துவந்து, சிவப்பு ஒயரில் ஒரு முடிச்சும் பச்சையில் இரண்டு முடிச்சும் போட்டாள். அவன் விரலால் தடவிப் பார்த்தே ஒயர்களைச் சரியாக மாட்டினான். பிறகு ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தான்.

"எரியுதுங்க!" என்று பின்னாலிருந்து கத்தினாள் பாஞ்சாலை. அவள் கைதட்டுவதைத் திரும்பிப் பார்த்தவன், பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை.