மாமியார் மரத்தின் காலடி

ஜாசிராவின் மாமியார் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. ஆனாலும் தபஜோஸ் ஆற்றங்கரைக் காட்டில் அவளுக்கு இன்னொரு மாமியார் இருந்தாள். வீட்டிலேயே பெரிய உருப்படி அவள்தான். நாலைந்து பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத கஸ்தான்யா மரம். ஜாசிரா கல்யாணமாகி வந்த முதல் மழைக்காலத்தில் அந்த மரம் உச்சியிலிருந்து ஒரு காயைப் போட்டு, அவள் முதுகுக் கூடையைப் பிய்த்துவிட்டது. தேங்காய் அளவு காய், கல் மாதிரி ஓடு. கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் மண்டை போயிருக்கும்.

"வீட்டுக்கு வந்ததும் வராததுமா அடிக்குது பாரு. இதுதான் என் மாமியா" என்றாள். பக்கத்தில் நின்ற நிஜ மாமியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். நல்ல மனுஷி. அன்றிலிருந்து மரத்துக்கு அதுவே பேர்.

காய் பொறுக்கி, உடைத்து, கொட்டையை எடுத்து, ஆற்றில் வரும் படகுக்காரனுக்கு விற்பதுதான் ஜாசிராவுக்கும் அவள் புருஷன் ஒஸ்மாருக்கும் பிழைப்பு. அதில் பாதி அந்த ஒரு மரம் போட்ட சோறு. சுற்றியுள்ள மரங்களின் காயையும் மாமியார் காலடிக்கே சுமந்து வருவார்கள். காய் விழுந்து ஓய்ந்த பிறகு அந்த அகன்ற நிழலில் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே வெட்டுக்கத்தியால் உடைப்பார்கள். உடைத்த ஓடுகளை அப்படியே அடிமரத்தைச் சுற்றித் தள்ளிவிடுவது வழக்கம். ஒஸ்மாரின் அப்பா காலத்து ஓடுகூட அந்தக் குவியலில் மக்காமல் கிடந்தது.

அப்புறம் ஒரு வருஷம் மழை வரவேயில்லை. எங்கோ மேய்ச்சல் நிலத்தில் வைத்த நெருப்பு காட்டுக்குள் நுழைந்தது. காட்டுத்தீ என்றதும் வானத்தை முட்டும் என்று நினைக்காதீர்கள். இங்கே அது முழங்கால் உயரத்துக்குத்தான் வரும், சருகைத் தின்றுகொண்டு நடந்து வரும். கோழியைப் பிடித்து, மூட்டை கட்டி, புருஷனோடு ஒரு சண்டையும் போட்டுவிட்டுக் கிளம்ப நேரமிருக்கும். பாழாய்ப்போன அந்த நிதானம்தான் மரங்களைக் கொல்கிறது. ஈரத்திலேயே வளர்ந்த காடு இது, பாதி மரங்களுக்குப் பட்டை விரல் கனம்கூட இராது. பட்டைக்கு உள்ளே இருக்கும் ஈரத்தோல் வெந்துவிட்டால் கதை முடிந்தது. ஆனால் மரம் உடனே சாகாது. இலை பச்சையாகவே இருக்கும், நாமும் ஏமாந்து நிற்போம்.

கஸ்தான்யாவுக்குப் பட்டை தடிமன். அவர்கள் திரும்பி வந்தபோது மாமியார் ஆள் இடுப்பு உயரத்துக்குக் கறுத்து நின்றாள், மேலே ஒரு இலை வாடவில்லை. காலடியில் ஓட்டுக் குவியல் மட்டும் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருந்தது. அந்தக் கங்கில் ஒஸ்மார் மீன் சுட்டான், ஜாசிரா மரவள்ளி மாவைத் தொட்டுக்கொண்டு ருசித்துத் தின்றாள்.

"உன் மாமியாளுக்குத் தோல் தடிப்பு, அதான் தப்பிச்சா" என்றான் ஒஸ்மார்.

"உன் ஆத்தா பக்கம் எல்லாருக்குமே தோல் தடிப்புதான்."

அடுத்த வருஷம் மெல்லிய தோல் மரங்கள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. வீட்டுக்குப் பின்னால் நின்ற அந்திரோபா மரம் சாவதற்கு முன் அள்ளி அள்ளிக் காய்த்தது. ஈரத்தோல் வெந்து, வேருக்குச் சாப்பாடு இறங்க வழியில்லாமல், எல்லாவற்றையும் காயில் கொட்டிவிட்டுப் போனது.

தீக்குப் பிறகு வந்த இரண்டாம் மழைக்காலத்தில் மாமியார் காயாகக் கொட்டினாள் பாருங்கள், யாரும் அந்தக் காட்டில் அப்படிக் கண்டதில்லை.

"புது வலை, புதுப் படகு மோட்டார் ரெண்டும் வாங்கிடலாம்டி" என்று ஒஸ்மார் குதித்தான். ஜாசிரா மரத்தை அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள். வாயாடி இப்படி நின்றால் அவனுக்குப் பயம் வந்துவிடும். "என்ன ஆச்சு உனக்கு?"

"அந்திரோபாவும் இப்படித்தான் காய்ச்சுது."

"சனியனே, நல்ல வார்த்தை சொல்லு."

அவள் முதலில் தள்ளியிருந்த ஒரு கஸ்தான்யாவிடம் போய்க் கத்தியால் பட்டையைக் கொத்தினாள். உள்ளே ஈரம் மின்னியது. அதன் அடியில் ஓட்டுக் குவியல் கிடையாது. பிறகு மாமியாரிடம் வந்தாள். கொத்திய இடத்தில் பட்டை காய்ந்த ரொட்டி மாதிரி உதிர்ந்தது, உள்ளே பழுப்பு. பின்பக்கம் போய்க் கொத்தினாள், அங்கேயும் பழுப்பு. சுற்றி முழுக்கக் கொத்திவிட்டாள், நகக்கண் அளவு ஈரம்கூடக் கிடைக்கவில்லை.

"நெருப்பு இவள ஒண்ணும் பண்ணல ஒஸ்மார். முழங்கால் நெருப்பு, தாண்டிப் போயிருக்கும். நாம குவிச்ச ஓடுதான் உக்காந்து வேக வச்சிருக்கு."

"எங்கப்பாவும் இங்கதான் ஒடச்சாரு."

"ஆமா. அவரும்தான்."

அவளுக்கு அழுகை வந்தது. நிஜ மாமியாரைப் புதைத்த அன்றுகூட இவ்வளவு அழவில்லை. மேலே இலைகள் பச்சையாக ஆடிக்கொண்டிருந்தன, மரத்துக்கு இன்னும் விஷயமே தெரியாதது போல.

காயைப் பொறுக்காமல் இருக்க முடியாதே. பொறுக்கினார்கள். கூடை நிரம்பியதும் ஒஸ்மார் வழக்கப்படி அதை அடிமரத்தில் கவிழ்க்கப் போனான்.

"இங்க வேணாம். ஓடைப் பக்கம் கொண்டு போ, அங்க ஒடச்சுக்கலாம்."

"அவ்வளவு தூரமா? செத்ததுக்கு இனிமே என்னடி சுடப்போகுது?"

"தெரியும். நீ தூக்கு."

அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தூக்கினான். அந்தப் பருவம் முழுக்க இருவரும் ஓடைவரை சுமந்தார்கள். மாமியார் காலடியில் ஒரு ஓடுகூட விழவில்லை.