பூரணம் மாமியின் கிணறு

இன்று காலை குழாயைத் திறந்ததும் எழுந்த குளோரின் மணம், அந்த மணமே அறியாத பூரணம் மாமியின் கிணற்றடிக்கு என்னைக் கொண்டுபோனது. இப்போது அங்கே மாடிவீடு நிற்கிறது. அன்று வாவிக்கரையில் எங்கள் கிணறுகளெல்லாம் உவர். மாமியின் வீட்டு வளவில் மட்டுமே நல்ல தண்ணீர். அதனால் குடம் சுமக்கக்கூடிய தூரத்துக்குள்தான் வீடுகள் நெருங்கி நின்றன, அதற்கப்பால் வெறும் மணலும் தாழம்பற்றைகளும். மாமி தனியாள் என்றாலும், விடியலில் கப்பி கீச்சிடத் தொடங்கினால் பொழுதுபடும்வரை பெண்களின் பேச்சும் வாளிகள் மோதும் சத்தமும் அங்கே ஓயாது.

பிறகு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வந்தது. மணலில் வீதிகள் நீண்டன, மதில்கள் எழுந்தன, பட்டணம் எங்களைத் தாண்டிப் போனது. அம்மா மட்டும் பின்னும் குடத்தோடு மாமியிடம் போவார். நானும் கூடப் போவேன்.

“ஏன் புள்ள, பைப்பில தண்ணி வரல்லையா?” என்று மாமி ஒருநாள் அம்மாவிடம் கேட்டார்.

“வருது மாமி. உங்களப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தன்.”

“அப்ப வெறுங்குடத்தோட போகப்படா, இரி” என்று மாமி தானே இறைத்து நிரப்பிக் கொடுத்தார்.

தம்பி பிறந்த பிறகு அம்மாவும் போவதை நிறுத்திவிட்டார். மாமி விடியலில் இறந்தது அடுத்த நாள் பின்னேரம்தான் ஊருக்குத் தெரிந்தது.

“முந்தியெண்டா வெளிச்சம் வாறத்துக்குள்ள ஆராவது குடத்தோட போய் நிண்டிருப்பம்” என்றார் அம்மா.