எக்ஸ்ரே அக்காவின் கை

இதை எழுதுபவன் அவளை முதலில் பார்த்தது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு. குடும்பத்திலேயே முதல் பட்டதாரி, வேலையில் சேர்ந்து மூன்றாம் நாள், அலுவலகப் படிக்கட்டில் உருண்டிருந்தான். சீட்டில் பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் சேர்த்து எழுதச் சொன்னான். எக்ஸ்ரே அறையிலிருந்த அக்கா சிரிக்காமல் எழுதினாள்.

"எழுதியாச்சு தம்பி. பட்டம் வாங்கின எலும்பா இருந்தாலும் ஆடினா படம் கலங்கிடும். அசையாம இருங்க."

கதவுக்குப் பின்னால், ஈயம் வைத்த கனத்த மேலங்கிக்குப் பக்கத்தில், கீறல் விழுந்த சிவப்பு ஹெல்மெட் ஒன்று தொங்கியது. தண்ணீர் வடிவதற்காக உச்சியில் துளைகள் இருந்தன. எதற்கு என்று கேட்டான். கட்டுப் பிரித்த பிறகு வந்து மறுபடியும் கேட்டபோதுதான் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை வலது கையை இடது கக்கத்தில் சொருகியே வைத்திருந்தாள்.

வாரம் ஆறு நாள் அவள் அந்த அறையை விட்டு வெளியே தலைகாட்டுவதில்லை. அப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூடப்பிறந்த தம்பியோடு ஆற்றில் இருப்பாள். தம்பி வண்டிகளுக்கு வயரிங் பார்ப்பவன். ஆற்றங்கரையில் அவனுக்குப் பெயர் தூக்கி. அக்காவின் கணவர், பேக்கரிக்காரர், முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதவர். படகுகளை வேனில் ஏற்றி இறக்குவதும், கரையில் நின்று கேலி செய்வதும் அவர் பங்கு.

அந்த ஆற்றில் ஓரிடத்தில் தண்ணீர் இரண்டு ஆள் உயரத்துக்கு நேராக விழுகிறது. அதைப் படி என்பார்கள். கயாக் என்ற ஒற்றையாள் படகை ஓட்டுபவன் அதில் மூக்குக் குப்புற விழுந்தால், அடியில் சுழலும் தண்ணீர் படகைத் திரும்ப அருவிக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும். அதனால் விளிம்பைத் தாண்டும் அந்த நொடியில் துடுப்பைக் கால்விரல் பக்கம் ஊன்றி இடுப்புவரை ஒரே இழுப்பாக இழுத்து, முழங்காலால் படகின் மூக்கை மேலே தூக்க வேண்டும். படகு சுழலைத் தாண்டிப் பறந்துபோய் நுரைமேல் தட்டையாக விழும். நுரையில் பாதி காற்று, மெத்தை மாதிரி வாங்கிக்கொள்ளும்.

இழுப்பு ஒரு கை தூரம் முன்னாலோ பின்னாலோ போனால் பலிக்காது. படகில் உட்கார்ந்தவனுக்கோ விளிம்பு கண்ணில் படாது. அதனால் அக்கா முதலில் இறங்கி, படிக்குப் பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் பாறைமேல், ஆபத்தில் வீசுவதற்கான கயிற்றுப் பையோடு நிற்பாள். படகு விளிம்பைத் தொட்டதும் வலது கையைச் சட்டென்று உயர்த்துவாள். தம்பி தூக்குவான். பதினோரு வருஷமாக இதுதான் நடைமுறை. வீட்டில் நாற்காலியில் உட்காரவைத்துக்கூடப் பழக்கியிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் அவள் கை உயர்ந்தால் அவன் முழங்கால் மேஜையை முட்டும். குழம்பு சிந்தும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனை நிறுத்தியதுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. படியின் இரைச்சல் சாலைவரை கேட்க வேண்டும். அன்று மூவரின் செருப்புச் சத்தம்தான் கேட்டது.

"என்ன, ஆத்துக்கு இன்னைக்கு லீவா?" என்றார் பேக்கரிக்காரர்.

"மேல மதகு ரிப்பேராம் மாமா. தண்ணிய முக்கால்வாசி நிறுத்தி வெச்சிருக்காங்க" என்றான் தம்பி.

அக்கா பாறையில் ஏறி எட்டிப் பார்த்தாள். நுரை இருக்க வேண்டிய இடத்தில் கரும்பச்சைத் தண்ணீர் ஆடாமல் அசையாமல் கிடந்தது. படிக்குக் கீழே குளம்போல் தேங்கும் இடத்தில் தண்ணீர் இறங்கியதால் படி இன்னும் உயரமாகியிருந்தது. ஒதுங்கிக் கிடந்த கட்டை ஒன்றை எடுத்துப் போட்டாள். தண்ணீரில் விழுந்த ஓசையே இல்லை. சிமெண்டுத் தரையில் விழுந்தது போல டப்பென்றது.

"படகைத் தோள்ல போட்டுட்டு சுத்திப் போயிடலாம்டா."

"நடக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தேன்?"

"போன மாசம் வேற ஆத்துல இருந்து ஒருத்தன ஸ்ட்ரெச்சர்ல கொண்டு வந்தாங்க. முதுகெலும்பு ஒண்ணு முன்பக்கம் நசுங்கி, ஆப்பு மாதிரி இருந்துச்சு. படம் எடுத்தவ நான்."

"தூக்கத் தெரியாதவனா இருப்பான்."

"நல்லாத் தூக்கத் தெரிஞ்சவன்டா. அதனாலதான் தட்டையா விழுந்தான். கீழ நுரை இல்ல."

தம்பி தண்ணீரைப் பார்த்தான்.

"ஆழம் இருக்குல்ல?"

"ரெண்டு ஆள் ஆழம். அதுல குறையில்ல. சுழலும் இன்னைக்கு வீக்குதான்."

"அப்ப மூக்கைத் தூக்கல. குனிஞ்சுக்கறேன். துடுப்பைப் பக்கவாட்டுல ஒட்டி வெச்சுக்கறேன். மூக்கு முதல்ல தண்ணிக்குள்ள போகட்டும். நீ கையை உசத்தாத, நானும் இழுக்கல. சரியா?"

அவள் அப்போதே மாட்டேன் என்றிருக்கலாம். சொல்லவில்லை. "வழி மட்டும் காட்டறேன், இடமா வலமான்னு" என்றாள்.

"எதுக்கும் ரெண்டு பேர் கையையும் கட்டிப் போடட்டுமா?" என்றார் பேக்கரிக்காரர். தம்பி மட்டும் சிரித்தான்.

அக்கா பாறைமேல் போய் நின்றாள். இடது கையில் கயிற்றுப் பை. வலது கையை உடம்போடு ஒட்டிவைத்தாள். உசத்தாதே, உசத்தாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மஞ்சள் படகு வளைவில் தெரிந்தது. கொஞ்சம் வலப்பக்கமாக வந்தது. கையை நீட்டி இடப்பக்கம் காட்டினாள். படகு திரும்பி, நூல் பிடித்தது போல நேராக வந்தது. தம்பி குனிந்திருந்தான். துடுப்பு ஒட்டியிருந்தது. எல்லாம் பேசி வைத்தபடியே நடந்தது.

படகின் மூக்கு விளிம்பைத் தொட்டது.

நீட்டிய கையை அவள் இன்னும் மடக்கியிருக்கவில்லை. அது உயர்ந்தது. உயர்ந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

தம்பி நிமிர்ந்தான். துடுப்பு ஊன்றியது, இழுத்தது. பதினோரு வருஷத்தில் அவ்வளவு சுத்தமாக அவன் தூக்கி அவள் பார்த்ததில்லை. படகு தட்டையாகப் பறந்து, தட்டையாகவே விழுந்தது. கட்டை விழுந்த அதே ஓசை.

அவன் கவிழவில்லை. நேராக உட்கார்ந்தபடி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தான். துடுப்பு தனியே மிதந்தது.

"அக்கா," என்றான், சாதாரணமாகத்தான். "என் கால் படகுக்குள்ள இருக்கான்னு பாரு."

அவள் நீந்திப்போய்ப் படகைப் பிடித்து, ஆடாமல் கால் எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தாள். கணவர் தடுமாறி, மார்பளவுவரை இறங்கி வந்து, மச்சானை வெளியே இழுக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றாள். "அப்படியே இருக்கட்டும். படகை மட்டும் ஆடாமப் பிடிங்க."

ஆம்புலன்ஸ்காரர்கள் பலகையோடு வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை இருவரும் தண்ணீரில் நின்று பிடித்திருந்தார்கள். அவள் நிமிடத்துக்கு ஒரு தடவை, "கால் கட்டைவிரலை ஆட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாற்பதாவது தடவையோ என்னவோ, "இடது ஆடுது" என்றான்.

ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமைப் பணியில் இருந்தவன் அவளை வெளியே உட்காரச் சொன்னான். உட்காரவில்லை. திரையில் ஆப்பு வந்தது. இந்தத் தடவை அதற்கு மேலே தம்பியின் பெயர் இருந்தது.

டாக்டரிடமும், தன் மனைவியிடமும், பார்க்க வந்த எல்லோரிடமும் தம்பி ஒரே பதிலைத்தான் சொன்னான்: "பழக்கதோஷம். என் கை தானா இழுத்துடுச்சு." அக்காவின் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒருநாள் அவன் கட்டிலருகே உட்கார்ந்து அவளே கேட்டாள்.

"நீ என் கையப் பாத்தியாடா?"

"எந்தக் கை?" என்றான், மின்விசிறியைப் பார்த்தபடி.

அதன்பிறகு அவள் கேட்கவில்லை.

இரண்டு வருஷம் ஆகிறது. தம்பி நடக்கிறான். அரை அங்குலம் குட்டையாகிவிட்டான். "நீ வளர்ந்துட்டக்கா" என்று கிண்டல் செய்கிறான். குனிய முடியாததால் வண்டியை மேடைமேல் ஏற்றிவைத்து வயரிங் பார்க்கிறான். மஞ்சள் படகைப் பேக்கரிக்காரர் யாருக்கோ கொடுத்துவிட்டார். அக்கா அதே எக்ஸ்ரே அறையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக ஆற்றுக்குப் போகிறாள், படி வந்ததும் படகைத் தோளில் போட்டுக்கொண்டு சுற்றி நடக்கிறாள். அந்தப் பாறைமேல் யாருக்காகவும் நிற்பதில்லை.