தோற்றவர் கையை நீட்ட வேண்டும்

"பிள்ளை, வருத்தம் வந்தா ஆம்பிளை ஆஸ்பத்திரிக்குப் போவான். வர முந்தியே போறவன் ஆம்பிளையே?"

போன வருடம் சிட்னியில் எங்கள் வீட்டுக் கராஜில் முன்னூற்றிநாலு சீட்டு விளையாடிக்கொண்டே அப்பாவின் கூட்டாளி சந்திரன் அங்கிள் என்னிடம் கேட்டார். பக்கத்தில் இருந்த அப்பா சீட்டிலிருந்து கண் எடுக்காமல் சிரித்தார். நான் அப்போதுதான் தாதியர் படிப்பை முடித்து, வெஸ்ட்மீட்டில் ஒரு சமூக சுகாதாரக் குழுவில் சேர்ந்திருந்தேன். அப்பா யுத்தத்தால் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அம்மா அதற்கும் முந்தியே விட்டவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பட்டமளிப்புப் படம் எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்கு அடுத்ததாகத் தொங்குகிறது. ஆனால் அந்தப் படத்தில் என் தோளில் கைபோட்டு நிற்கும் அப்பாவின் இரத்த அழுத்தத்தை நான் ஒருமுறைகூட அளந்ததில்லை. பின்னேரங்களில் தலை இடிக்கிறது என்பார். கையைத் தாருங்கோ என்றால், வேலைக்கு நேரமாகுது என்று எழும்பிவிடுவார்.

மெல்பேர்னில், டண்டினொங்கில், தென் சூடானிலிருந்து வந்த ஆண்கள் சனிக்கிழமைகளில் கூடுகிறார்கள் என்றும், டாக்டரின் வாசலை மிதிக்காதவர்கள் அங்கே இரத்த அழுத்தம் பார்க்கத் தாங்களாகவே கையை நீட்டுகிறார்கள் என்றும் வேலையிடத்தில் கேள்விப்பட்டேன். அதை நடத்தும் ஜேம்ஸ் என்பவருக்கு எழுதினேன். "வாருங்கள். பசியோடு வாருங்கள்" என்று பதில் வந்தது.

வெள்ளி, காலை

விமானத்தில் போனால் ஒன்றரை மணி நேரம். ரயிலில் பதினொரு மணி நேரம், தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடமாகியும் இரண்டு நகரங்களுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. அதனால் சென்ட்ரலில் காலை ரயிலைப் பிடித்தேன். நடுவில் இருப்பவை புல்லும் ஆடுகளும், ஒரு தெருவோடு முடிந்துவிடும் ஊர்களும்.

கோல்பேர்னில் ஏறிய ஒரு பண்ணைக்காரர் என் பக்கத்து இருக்கைக்கு வந்தார். நான் தாதி என்று தெரிந்ததும் தன் முழங்காலைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, வாகா வாகாவில் இறங்கும்வரை நிறுத்தவில்லை. டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். காட்டினால் வெட்டச் சொல்வார், வெட்டினால் ஆடுகளை யார் பார்ப்பது என்றார். இறங்கும்போது நொண்டாமல் நடக்க அவர் பட்ட பாட்டை ஜன்னலால் பார்த்தேன். சந்திரன் அங்கிளுக்கு அவரை நன்றாகப் பிடித்திருக்கும்.

வெள்ளி, இரவு, ரோவில்

அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை மாலா அன்ரி நிலையத்துக்கு வந்து, மெல்பேர்னின் புறநகரான ரோவிலில் உள்ள தன் வீட்டுக்குக் காரில் ஏற்றிப்போனார். குசினியில் இடியப்பமும் சொதியும் வைத்தபடி, நாளைக்கு எங்கே போகிறாய் என்று விசாரித்தார். சொன்னேன். கரண்டி நின்றது.

"அந்தக் கறுப்பு ஆக்களிட்டையோ? தனியவோ? ரீவீல காட்டுறதைப் பாக்கிறேல்லையே நீ?"

"எங்களையும் ஒரு காலம் ரீவீல காட்டினவங்கள்தானே, அன்ரி."

அன்ரி இன்னும் இரண்டு இடியப்பத்தைத் தட்டில் போட்டார். ஆனால் காலையில் நான் சப்பாத்துப் போடும்போது, வெறுங்கையோடு ஒரு இடத்துக்குப் போகக்கூடாது என்று சொல்லி ஒரு பெட்டி நிறையக் கடலை வடையைக் கையில் தந்தார்.

சனி, டண்டினொங்

அன்ரி வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டட் பார்க்கிலிருந்து டண்டினொங்குக்குப் பத்துக் கிலோமீற்றர் வரும். பேருந்து நேரே ஸ்டட் ரோட்டால் இறங்குகிறது. தலைப்பாகை கட்டிய சாரதியிடம் அந்த ஆண்கள் கூடும் மண்டபத்தின் தெருவைச் சொன்னேன். சந்தைக்கு முந்திய தரிப்பில் இறக்கிவிடுவதாகச் சொன்னவர், வடை வாசத்துக்குத் திரும்பிப் பார்த்தார். ஒன்றை எடுத்துக்கொண்டார்.

டண்டினொங்கில் ஒரே தெருவில் ஆப்கான் ரொட்டிக் கடை, சேலைக் கடை, தலைமுடி பின்னும் கடை, ஊருக்குப் பேசும் தொலைபேசி அட்டை விற்கும் கடை எல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. இரவு வேலை முடித்த ஆண்கள் மஞ்சள் பாதுகாப்புச் சட்டையோடேயே காய்கறி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்பாவிடமும் அதே மஞ்சள் சட்டை மூன்று இருக்கின்றன.

மண்டபம் பழைய விளையாட்டுக் கழகக் கட்டடம். வெளியே அறிவித்தல் பலகை எதுவும் இல்லை. உள்ளே நாலு மேசைகள், இருபது இருபத்தைந்து ஆண்கள், புள்ளி போட்ட டொமினோக் கட்டைகளை மேசையில் அறையும் சத்தம். ஜேம்ஸ் முப்பது வயதுக்காரர், இங்கேயே தாதியர் படிப்பு முடித்தவர், நல்ல உயரம். முதலில் தண்ணீர் தந்தார். பிறகு அம்மா சுகமா, அப்பா சுகமா, பயணம் எப்படி, தங்கியிருக்கும் வீட்டில் எல்லோரும் சுகமா என்று வரிசையாக விசாரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கைகொடுத்து அதையே கேட்டார்கள். வடைப் பெட்டி கைமாறியது. இது எங்கள் ஊர் வடை, தாமியா அல்லவா என்று ஒருவர் சொல்ல, இல்லை இது கொஞ்சம் கோபமான தாமியா என்றார் மிளகாயைக் கடித்த இன்னொருவர்.

தொடக்கத்தில் தாங்களும் பிழைவிட்டதாக ஜேம்ஸ் சொன்னார். வாசலிலேயே மேசை போட்டு, இரத்த அழுத்தக் கருவியை வைத்து, உள்ளே வருகிறவரிடம் கை கேட்டார்கள். தேநீரில் சீனியையும் நிறுத்தினார்கள். இரண்டாம் வாரம் மண்டபம் காலியாக இருந்தது. இப்போது சீனி மேசையில் இருக்கிறது, வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம். கருவியும் மேசையில் இருக்கிறது, கட்டைகளுக்குப் பக்கத்தில். சட்டம் ஒன்றுதான். ஆட்டத்தில் தோற்ற சோடி கையை நீட்ட வேண்டும். வென்றவர் பட்டியைச் சுற்றுவார். எண்ணை அளவு கொடுத்தவரும் ஜேம்ஸும் மட்டுமே பார்ப்பார்கள்.

"கூடுதலாக இருந்தால்?" என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்த விருந்தாளியை வாசலோடு அனுப்பிவிடுவது தங்களிடம் மரியாதை இல்லை, கொஞ்சத் தூரம் கூடவே நடக்க வேண்டும் என்றார். அதனால் கை நீட்டிய எல்லோரோடும், எண் எப்படி இருந்தாலும், கார்வரை நடப்பாராம். சொல்ல வேண்டியதை அந்த நடையில் சொல்வார். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு யாருக்கு என்ன என்று தெரியாது. இதைக் கேட்டபோது, எங்கள் வேலையிடத்தில் காத்திருப்போர் முன்னிலையில் பெயரைப் பாதி பிழையாகக் கூப்பிட்டு உள்ளே அழைப்பது ஞாபகம் வந்தது.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் பெயர் மஜோக்.

மஜோக்குக்கு ஐம்பத்தைந்து இருக்கும். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. மண்டபம் தொடங்கிய நாளிலிருந்து அவர் ஒரு ஆட்டமும் தோற்றதில்லை. அதனால் அவருடைய கையை யாரும் பார்த்ததில்லை. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார் என்று அவர் மகள் ஜேம்ஸிடம் இரகசியமாகச் சொல்லியிருந்தாள். நண்பர்கள் அவரை முகத்துக்கு நேரேயே கேலி செய்தார்கள். "இவர் விளையாட்டுக்காக வெல்லவில்லை, பயத்தில் வெல்கிறார்" என்று ஒருவர் சொன்னபோது மஜோக் தேநீரில் மூன்றாவது கரண்டி சீனியைப் போட்டார். டாக்டரிடம் ஏன் போவதில்லை என்று நானே கேட்டேன்.

"ஒருமுறை போனேன்," என்றார். "என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் தரவில்லை. உட்காருவதற்குள் ஒரு படிவத்தைப் பார்த்து, சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று கேட்டார்கள். அப்படிக் கேட்பவரை எங்கள் ஊரில் எதிரி என்போம்."

அசீதாவும் இறைச்சிக் குழம்பும் வந்தன. சமைத்தவர்களும் ஆண்களே. அசீதா எங்கள் களியைப் போல, ஆனால் உப்புச் சுவை. எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். பிறகு, தூரத்திலிருந்து வந்த விருந்தாளிக்கு மரியாதையாக, மஜோக்கின் சோடியாக என்னை உட்காரவைத்தார்கள்.

நான் அப்பாவிடம் முன்னூற்றிநாலு பழகியவள். பெரிய சீட்டைக் கடைசிவரை கைக்குள் பொத்தி வைத்திருப்பதுதான் எனக்குத் தெரிந்த ஆட்டம். எல்லாவற்றிலும் பெரிய துரும்பு ஜாக்கை முதல் பிடியிலேயே இறக்கிச் சோடியைத் தோற்கடிக்கிறவனை அப்பா மேசையிலிருந்தே எழுப்பிவிடுவார். டொமினோவில் எனக்கு ஆகப் பெரிய கட்டையான இரட்டை ஆறு வந்தது, ஆறு-ஐந்தும் வந்தது. இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு சின்னக் கட்டைகளைப் போட்டேன். அவற்றை நான் போடுவதற்காகவே மஜோக் இரண்டு தடவை வரிசையின் முனையில் ஆறைத் திறந்துவிட்டார் என்று பிறகுதான் விளங்கியது. மூன்றாவது தடவை எதிராளி வரிசையின் இரண்டு முனையையும் அடைத்தார். இனி யாருக்கும் போட வழியில்லை. அப்படியானால் கையில் மிஞ்சிய புள்ளிகளை எண்ணுவார்களாம். புள்ளி கூடிய சோடிதான் தோற்றது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

மஜோக்கிடம் ஒரு கட்டை, இரண்டு புள்ளி. நான் என் கட்டைகளைப் பெருமையோடு நிமிர்த்தி வைத்தேன்.

மண்டபம் சிரிப்பால் வெடித்தது. ஒருவர் கதிரையை விட்டெழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மஜோக் மட்டும் சிரிக்கவில்லை. இரட்டை ஆறைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதை எதற்கு வைத்திருந்தாய், மகளே?"

"எங்கள் ஊரில் இப்படித்தான் விளையாடுவார்கள்," என்றேன்.

பிழை விருந்தாளியுடையது, மஜோக்கை விட்டுவிடலாமா என்று யாரோ கேட்டார்கள். நான் சட்டைக் கையை மடித்து மேசையில் நீட்டினேன். வென்றவர் பட்டியைச் சுற்றினார். நூற்றுப்பத்துக்கு எழுபது. அந்த எண்ணை நானும் ஜேம்ஸும் பார்த்தோம். மேசையில் என் கை இருந்த இடம் காலியானது. எல்லோரும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மஜோக் மெதுவாகத் தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி, கதிரையில் மடித்துப் போட்டு, கையை அங்கே வைத்தார். பட்டி காற்றடித்து இறுகும் சத்தம் கேட்டது. ஜேம்ஸின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. அது எவ்வளவு கடினம் என்று ஒரு தாதிக்குத்தான் தெரியும்.

என்னோடும் ஜேம்ஸ் வாசல்வரை நடந்து திரும்பினார். பிறகு மஜோக்கோடு நடந்தார். ஜன்னலால் பார்த்தேன். இருவரும் காரைத் தாண்டி, வேலியைத் தாண்டி, சந்தை மூலைவரை போனார்கள். உள்ளே யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கட்டைகளைக் கலக்கி அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

திரும்பி வந்த மஜோக் என் முன் நின்றார். "திங்கட்கிழமை டாக்டரிடம் போகிறேன். ஜேம்ஸும் வருகிறான், முதலில் தண்ணீர் கேட்பதற்கு," என்றார். "உன்னோடு இனி ஜென்மத்துக்கும் சோடி சேரமாட்டேன்." அதற்குப் பிறகுதான் சிரித்தார். என் பேருந்துத் தரிப்புவரை அவரும் கூட நடந்து வந்தார்.

ஞாயிறு, திரும்பும் ரயில்

ஆல்பரியில் மறி ஆற்றைக் கடக்கும்போது வெயில் நன்றாக ஏறியிருந்தது. போகும்போது பார்த்த அதே ஆடுகள். எங்கள் கராஜிலும் நாலு கதிரை, ஒரு மேசை, சீனி கூடிய தேநீர் எல்லாம் உண்டு, இரவு வேலை முடித்த ஆண்களும் இருக்கிறார்கள். இல்லாதது மேசைமேல் ஒரு கருவியும், கூட நடக்க ஒரு ஆளும். அந்த ஆள் நான் என்று நினைத்தபோது சந்தோஷமாக இருந்தது.

ரயிலிலிருந்தே அப்பாவுக்குப் போன் எடுத்தேன். டண்டினொங் சட்டத்தைச் சொல்லி, எங்கள் மேசையிலும் ஒரு கருவியை வைக்கட்டுமா என்று கேட்டேன். தோற்ற சோடி கையை நீட்ட வேண்டும் என்றதும் சிரித்தார்.

"ஓம், வை. எனக்கென்ன? நான் தோக்கிறேல்லையே. சந்திரன்ர கையைப் பார்."

"அப்பா, வாற சனிக்கிழமை நான் உங்களோட சோடியா இருக்கட்டே? சந்திரன் அங்கிள் எதிர்ப்பக்கம் இருக்கட்டும்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "இரு. நான் பழக்கின பிள்ளைதானே."

கருவியை வாங்கிவிட்டேன், அவருடைய தடித்த கைக்கு ஏற்ற பெரிய பட்டியோடு. இப்போது கராஜ் மேசையில் சீட்டுக் கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சனிக்கிழமை துரும்பு ஜாக் என் கைக்கு வந்தால், டண்டினொங்கில் கற்றபடி, முதல் பிடியிலேயே இறக்கிவிடுவேன்.