முருகைக்கல்லின் சாவும் ஒரு முயலும்

உப்புவெளி வாடியை விட்டு வெளிக்கிட்டு நகரப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். கரைக்கு வரும் மீனை ஐஸ் போட்டு லொறிக்கு ஏற்றுகிற கொட்டில் அது. சில மாதங்கள் அங்கே வலைக் குவியலில் படுத்தெழும்பினேன். சண்டை ஒன்றும் இல்லை. விடியப் பையைத் தோளில் போட்டேன், நடந்தேன். எனக்கு எப்போதும் அப்படித்தான். கச்சான் காற்று இன்னும் தொடங்கவில்லை. கடல் அசையாமல், காலை வைத்தால் வெந்நீர் போலக் கிடந்தது.

வழியில் ஓர் ஓட்டோ டயரில் காற்றுப்போய் நின்றது. சாரதி, ஒரு முஸ்லிம் அண்ணர், குந்தியிருந்து சில்லைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஓர் இளம்பெண், ரெஜிபோம் பெட்டியை, மீன் ஏற்றுகிற அந்த வெள்ளை நுரைப்பெட்டியை, மார்போடு அணைத்துப் பிடித்தபடி நின்றாள்.

“அண்ணா, இங்க கிட்டடியில ஐஸ் எங்க எடுக்கலாம்?”

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திருக்கிறாள். இடையில் பஸ் பழுதாகி, பெட்டிக்குள் வைத்த குளிர்ப்பைகள் எல்லாம் இளகிவிட்டன. திறந்து காட்டினாள். உள்ளே சுண்டுவிரல் நுனியளவு ஒரு குப்பி மட்டும் இருந்தது.

சாரதி எட்டிப் பார்த்தார். “இந்தத் துளிக்கா புள்ள இவ்வளவு பெரிய பெட்டி? நான் பாரை மீனெண்டு நினைச்சன்.”

“இது போனா என்ர ஒரு வருச வேலை போச்சு, நானா” என்றாள் அவள்.

ஐஸ் இருந்த ஒரே இடம் நான் விட்டுவந்த வாடிதான். திரும்பி நடந்தேன். சம்மாட்டி, அதாவது வாடிக்கும் வள்ளங்களுக்கும் சொந்தக்காரர், என்னைக் கண்டதும் சிரித்தார்.

“என்ன, அரை மணித்தியாலத்தில உலகம் சுத்தி முடிஞ்சுதோ?”

“ஐஸ் கொஞ்சம் வேணும். ஒரு பிள்ளை றோட்டில நிக்குது.”

“ஓ, பிள்ளையோ. அதுதானே பார்த்தன்.”

கேலி செய்தாலும் பை நிறைய உடைத்த ஐஸ் போட்டார். வழமைப்படி மேலே இரண்டு கை கல்லுப்பும் எறிந்து குலுக்கினார். லொறிக்குப் போகிற ஐஸுக்கு எங்கள் வாடியில் எப்போதும் உப்புப் போடுவோம், மீன் கல் மாதிரி இறுகிவிடும். நானே எத்தனையோ தரம் போட்டிருக்கிறேன். அதனால் அதைப்பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நான் ஓட்டோவடிக்குத் திரும்பும்போது சில்லுப் பூட்டியாகிவிட்டது. அவள் குப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஐஸுக்குள் புதைத்தாள். பெட்டியைத் தூக்க ஆள் வேண்டுமென்று என்னையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டாள். போகிற வழியில் கேட்டேன், “அதுக்குள்ள என்ன மருந்து?”

“மருந்தில்ல. பிறபொருளெதிரி. அன்ரிபொடி எண்டும் சொல்லுவினம்.”

எட்டாம் வகுப்பில் கேட்ட சொல். நோய்க்கிருமியோடு சண்டை பிடிப்பது என்று மட்டும் ஞாபகம் இருந்தது. இது வேறு வேலைக்கு என்றாள். உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும், அதாவது செல்லுக்குள்ளும், ஒரு புரதம் சும்மா மடிந்து கிடக்குமாம். கலம் இனிச் சாகவேண்டும் என்று வரும்போது அந்தப் புரதம் வெட்டுப்பட்டு, விழித்து, உள்ளே இருப்பவற்றை ஒவ்வொன்றாக நறுக்கத் தொடங்குமாம். குப்பியில் இருப்பது வெட்டுப்பட்டதில் மட்டும் போய் ஒட்டும். முழுதாக இருப்பதைத் தொடாது.

“சாகச் சொல்லி ஆர் சொல்றது?”

“கலந்தான் தனக்குத்தானே சொல்லும். சிலநேரம் சொல்லாமலே சூட்டில வெடிச்சும் சாகும். இந்த வெக்கைக்கு முருகைக்கல், அந்தப் பவளப்பாறை உயிர், எந்த மாதிரிச் சாகுதெண்டுதான் நான் பார்க்கிறன்.”

“இதை எதிலயிருந்து எடுக்கிறது?”

“முயல்ல. அந்தப் புரதத்தின்ர வெட்டுத்துண்டை முயலுக்கு ஊசியால ஏத்தினா, அதின்ர ரத்தத்தில இது உண்டாகும்.”

சாரதி கண்ணாடியில் பின்னால் பார்த்தார். “கடல்ல கல்லு மவுத்தாகிறது முயலுக்கு விளங்குமா? நல்ல கதை.”

எனக்கும் அதே யோசனைதான். எங்கோ குளிர்நாட்டில் கூட்டுக்குள் இலை தின்ற முயல். கடலைக் கண்டிருக்கவே மாட்டாது.

அவளுடைய ஆய்வுக்கூடம் கடலோரம் ஒரு வாடகை வீடு. அலுமாரி இருக்கவேண்டிய அறையில் கண்ணாடித் தொட்டிகள் இருந்தன. பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்தவள் அப்படியே நின்றாள். உள்ளே இருந்த துளி வெள்ளையாக உறைந்திருந்தது.

“வெறும் ஐஸில இது உறையாதே.” ஐஸ் இளகிய நீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். “உப்புப் போட்டவையா?”

“ஓம். வாடியில அப்பிடித்தான் குடுக்கிறது.”

உப்புச் சேர்ந்த ஐஸ் வெறும் ஐஸைவிட மிகவும் குளிருமாம். இந்த வகைப் பிறபொருளெதிரி குளிரில் இருக்கலாம், ஆனால் உறைந்தால் கெட்டுப்போகலாம். அவள் ஏசவில்லை. கதிரையில் அமர்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு எழும்பி, அதை மெல்ல இளக விட்டாள்.

எனக்குப் போக மனம் வரவில்லை. குப்பியில் இருந்தது செத்ததா இல்லையா என்று அறியவேண்டும் போலிருந்தது. குசினியில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவள் வெள்ளைத் தாள் போன்ற ஒரு துண்டில் இரண்டு பொட்டு வைத்தாள். ஒன்று உயிருள்ள கலங்களிலிருந்து எடுத்த சாறு. மற்றது வேண்டுமென்றே சாகவைத்த கலங்களிலிருந்து. குப்பியிலிருந்து ஒரு சொட்டை எதிலோ கலந்து மேலே ஊற்றி, கழுவி, வேறு ஏதோ ஊற்றி, திரும்பக் கழுவினாள். குப்பியில் இருந்தது ஒட்டினால் அந்தப் பொட்டு மண்ணிறமாகுமாம். கழுவிக் கழுவிப் பின்னேரமானது.

“வாங்கோ, பாருங்கோ” என்றாள்.

உயிருள்ள பொட்டு வெள்ளையாகவே இருந்தது. சாகவைத்த பொட்டில் மண்ணிறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. அது கடுமையாகும் என்று காத்திருந்தோம். அந்தளவோடு நின்றுவிட்டது.

“வேலை செய்யுதா?”

“செய்யுது. பாதி பெலம்தான். இனி ஒவ்வொரு தரமும் கூட ஊத்தோணும். கடல்ல எடுத்த முருகைத்துண்டு எல்லாத்துக்கும் காணாது.” யோசித்துவிட்டுச் சொன்னாள்: “அதுகளை விடுவம். எப்ப சூடேறினதெண்டு தெரியாத துண்டில இதைச் செலவழிக்க ஏலாது. தொட்டியில நானே சூடாக்கிற துண்டுக்கு மட்டும் பாவிக்கிறன். ஆனா பகல் முழுக்க ஒராள் தொட்டிக்குப் பக்கத்தில நிக்கோணும். எனக்கு உள்ளுக்கு வேலை.”

“நான் நிக்கிறன்” என்றேன்.

“எத்தினை நாளைக்கு நிப்பீங்கள்?”

“அது தெரியாது. ஆனா இதின்ர முடிவு வரைக்கும் நிப்பன்.”

அன்று அந்த வீட்டு விறாந்தையில் படுத்தேன். மறுநாள் காலை வேலை தொடங்கியது. கடலைவிட இரண்டு பாகை கூடிய சூட்டில் ஒரு தொட்டி. சூடு அதற்கு மேலே ஏறினால் ஒரு கோப்பை ஆறிய கடல்நீர் ஊற்றவேண்டும், குறைந்தால் மேலே தொங்கும் விளக்கைக் கீழே இறக்கவேண்டும். உள்ளே கைப்பிடி அளவு முருகைக்கல். கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்தேன். மயிரிழை போன்ற கைகளை எல்லாத் துளைகளிலிருந்தும் நீட்டி அது எதையோ பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. சூடுமானியைப் பார்த்து ஒரு கோப்பை ஊற்றினேன்.