பொன்னுத்தாய் காத்த பத்தியம்

எடமலைப்பட்டி புதூரில் யார் வீட்டில் சீக்கு என்றாலும் பொன்னுத்தாய்க்கு ஆள் போய்விடும். பிள்ளை பெற்றவளுக்கும் சரி, மஞ்சள்காமாலைக்காரனுக்கும் சரி, அவள் சொல்வதுதான் பத்தியம். எண்ணெய் கூடாது, நெய் கூடாது, தாளிப்பு வாடைகூட ஆகாது. யாராவது மறுத்துப் பேசினால் போச்சு! "அப்ப எதுக்குடி என்னைய கூப்பிட்ட?" என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவாள். இவள் வாய்க்குப் பயந்தே பாதிப் பேருக்குக் குணமாகிவிடுகிறது என்று அவள் புருஷன் ரெங்கராஜ் கேலி பேசுவார்.

ரெங்கராஜ் திருச்சி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் பரோட்டா மாஸ்டர். கொரோனாவில் பிழைத்து வந்த மனுஷனை, ஏற்கெனவே சர்க்கரையும் இருந்ததால், கரும்பூஞ்சை பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மூக்குக்குள் அறுத்துச் சுத்தம் செய்தார்கள். மிச்சப் பூஞ்சையைக் கொல்ல ஒரு பாட்டில் மருந்தைக் கொடுத்து, "சாப்பிட்டதும் குடுங்க" என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். வார்டில் அத்தனை கூட்டம். அதற்கு மேல் பேச யாருக்கு நேரம் இருந்தது?

ஊருக்கே பத்தியம் சொன்னவள், சொந்தப் புருஷனை விடுவாளா! கேப்பைக் கஞ்சி, உப்புப் போட்டு வேகவைத்த சுரைக்காய், ஆடை எடுத்த மோர். கஞ்சி உள்ளே போன கையோடு மருந்து. ஒரு வேளை தவறவில்லை.

"பொன்னு, ஒரே ஒரு முட்டை. எண்ணெய் ஊத்திப் பொரிச்சுக் குடேன். நாக்கு செத்துப் போச்சு."

"செத்தது நாக்குதானே? பேசாம கஞ்சியக் குடிங்க."

நாளெல்லாம் எண்ணெயில் கை வைத்துப் பிழைத்த மனுஷன் சின்னப் பிள்ளைபோல் கெஞ்சுவார். அவளுக்கு மட்டும் மனசு கேட்குமா? அடுப்படிக்குள் போய் அழுது, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, மறுபடியும் கஞ்சியைத்தான் நீட்டுவாள்.

ஆனாலும் முகம் திரும்ப வீங்கியது. ஒரு கண் பிதுங்கிப் பார்வை போனது. மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் அனுபமா, பொன்னுத்தாயைத் தனியாகக் கூப்பிட்டார். பூஞ்சை மூளைவரை போய்விட்டது, இனிமேல் காப்பாற்றுவது கஷ்டம் என்றார். பிறகு தயங்கியபடியே கேட்டார்.

"மருந்து ஒழுங்கா குடுத்தீங்களாம்மா? ரத்தத்துல மருந்தே காணோமே."

"சமயபுரத்தா சத்தியமா குடுத்தேங்க. ஒரு சொட்டு எண்ணெய் படாம பத்தியம் காத்தேன்."

டாக்டரின் முகம் மாறிவிட்டது.

"இந்த மருந்து கஞ்சித் தண்ணியில கரையாதும்மா. எண்ணெய், நெய்னு கொழுப்பு இருக்கற சாப்பாட்டோட போனாத்தான் வயித்துல கரைஞ்சு ரத்தத்துல சேரும். இல்லன்னா பாதிக்கு மேல அப்படியே வெளிய போயிரும். நாங்கதான் விளக்கமா சொல்லியிருக்கணும். எங்க தப்பு."

யார் தப்பாக இருந்தால் என்ன? கேட்ட வாய்க்கு அந்த முட்டையைக் கொடுத்திருக்கலாமே! "பாவி, என் கையாலயே கெடுத்துட்டேனே" என்று சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். நர்ஸ் லிசி ஓடி வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, எண்ணெய் சொட்டச் சொட்ட முட்டை பொரித்து வார்டுக்குக் கொண்டுபோனாள். தூக்குவாளியைத் திறந்ததும் ரெங்கராஜ் மிச்சமிருந்த கண்ணை விழித்துப் பார்த்தார். வீங்கிய முகத்தில் சிரிப்பு வந்தது. சீக்கு முழுசாகத் தீராமல் பொன்னுத்தாய் யாருக்கும் எண்ணெய் காட்டமாட்டாள். இது தெருவுக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா?

"பத்தியத்த முறிச்சிட்டியா? அப்ப எனக்கு நல்லாயிருச்சா பொன்னு?"

"ஆமாங்க" என்றாள் பொன்னுத்தாய். "நல்லாயிருச்சு. வாயத் தெறங்க."